வெட்டாமல் விட்ட நரம்பு

1970கள் வரை புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்றாலே ஆண்கள் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் இருந்தது. புரோஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது ரத்தம் கொட்டும். பிழைத்து எழுந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஆண்மை போய்விடும். சிலருக்குச் சிறுநீரும் கட்டுப்படாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904இலேயே இதைச் செய்து காட்டியிருந்தும், எழுபது ஆண்டுகளாகப் பலர் இதன் பக்கம் போகவில்லை.

1974இல் அதே மருத்துவமனையின் பிராடி சிறுநீரகவியல் நிலையத்துக்குத் தலைவராக வந்தார் பேட்ரிக் வால்ஷ். வயது 36. முதல் வேலையாக ரத்தப்போக்கைக் கையில் எடுத்தார். சுரப்பியின் மேல் படர்ந்திருக்கும் சிரைகள் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்து, அவற்றை முன்கூட்டியே கட்டிவிட வழி கண்டார். ரத்தம் குறைந்ததும், கத்தி போகும் இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

1977இல் அவரிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து, தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். வால்ஷுக்கு மனசு ஆறவில்லை. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்குள்ளே ஓடுகின்றன, அதை எடுத்தால் இவையும் போகும் என்றுதான் அன்று நம்பினார்கள். அப்படியானால் இவருக்கு மட்டும் எப்படி?

விடை 1981இல், நெதர்லாந்தின் லைடன் நகரில் கிடைத்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் சிறுநீர்ப்பை நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் நரம்பை மூடிவிடும். சிசுவிடம் அந்தத் தொல்லை குறைவு. அங்கே போயிருந்த வால்ஷ், விறைப்பு நரம்பு எங்கே என்று கேட்டார். டோங்கர் அதுவரை தேடியதில்லை. இருவரும் சேர்ந்து சில மணி நேரம் தேடினார்கள். நரம்புகள் சுரப்பிக்கு வெளியே, அதன் உறையை ஒட்டி இருபுறமும் ஓடின!

1982 ஏப்ரல் 26 அன்று 52 வயதுப் பேராசிரியர் ஒருவருக்கு, அந்த நரம்புகளைத் திட்டமிட்டே காப்பாற்றிச் சுரப்பியை மட்டும் எடுத்தார் வால்ஷ். நோயும் போனது, ஆண்மையும் மீண்டது.

பெயர் கிடைத்த பிறகும் அவர் ஓயவில்லை என்பதுதான் இந்தக் கதையில் மெச்சத்தக்கது. தன் அறுவைகளை வீடியோ எடுத்து, சீக்கிரம் தேறியவருக்கும் தாமதமாகத் தேறியவருக்கும் தன் கைவேலையில் என்ன வேறுபாடு என்று போட்டுப் போட்டுப் பார்த்தார். 4,500க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்த கை அது.

புதுச்சேரி ஜிப்மரில் படித்து, ஹாப்கின்ஸில் பயிற்சி பெற்ற மணி மேனன், 2000களின் தொடக்கத்தில் டெட்ராய்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இதே அறுவையை ரோபோ துணையோடு அன்றாடம் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தார். இன்று இந்தியப் பெருநகர்களிலும் அது நடக்கிறது.

எல்லாருக்கும் நரம்பைக் காப்பாற்ற முடியாது. புற்று உறையைத் தாண்டி நரம்பைத் தொட்டிருந்தால் அதையும் எடுத்தே ஆக வேண்டும், உயிர்தான் முதலில். ஆனாலும் அறுவைக்கு நாள் குறிக்கும் முன், ‘என் விஷயத்தில் நரம்பைக் காப்பாற்ற முடியுமா?’ என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மனைவியும் உடன் இருப்பது நல்லது.