தினம் ஒரு கேள்வி, ஐந்து வரி
எல்லைத் தமிழர் வீடுகளில் தொடங்க வேண்டிய புதுக் கணக்கு

தேயிலைத் தோட்டத்தில் நாள்தோறும் எழுத்து வேலை நடக்கிறது. எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் பதிவாகிறது. அது கம்பெனியின் கணக்கு. கொழுந்து பறித்தவர் அன்று என்ன கண்டார், என்ன நினைத்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளிலும், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப் ஏறிக் காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்புவோரும் உண்டு. இவர்களிடம் சொல்வதற்குக் கதை ஏராளம்; எழுதியவர்களோ மிகச் சிலர். எழுத்து தெரியாதது மட்டும் இதற்குக் காரணமல்ல. 'என்னத்தை எழுதுவது?' என்ற மலைப்பே பெரிய தடை. தினம் ஒரு சிறு கேள்வி போதும், அந்தத் தடை நீங்கிவிடும்.

துபாஷின் நாட்குறிப்பு

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும் வரை எழுதினார். வந்த கப்பல், வியாபாரம், கவர்னர் வீட்டுப் பேச்சு, ஊர் வம்பு என்று அன்றன்று கண்டதையும் கேட்டதையுமே அவர் குறித்தார். இன்று சரித்திர ஆசிரியர்கள் அதை விட்டு அந்தக் காலத்தை எழுத முடியாது. அவரும் பிறருக்கு மொழிபெயர்த்துக் கணக்குப் பார்த்தவர்தாம் என்பதைக் குமாஸ்தா நண்பர்கள் நினைவில் கொள்ளலாம்.

வீட்டு வேலை செய்தவரின் நோட்டு

அவர் செல்வந்தர், நமக்கு ஏது நேரம் என்று சிலர் கேட்கக்கூடும். பேபி ஹால்தார் என்ற வங்காளப் பெண் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறு வயதில் மணமாகி, பின்னர் கணவனைப் பிரிந்து, மூன்று குழந்தைகளுடன் டில்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். குர்காவில் அவர் வேலை பார்த்த வீட்டுப் பேராசிரியர் பிரபோத் குமார் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, 'உன் வாழ்க்கையை எழுது' என்றார். வேலை முடிந்த நேரத்தில் அவர் எழுதியது 2002இல் இந்தியிலும், 2006இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது.

யாருக்கு என்ன கேள்வி?

கேள்வி வயதுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

சிறுவர்களுக்குக் கதை: மேகம் லயத்துக்குள் நுழைந்தால் முதலில் யாரோடு பேசும்? ராத்திரி வந்த யானை திரும்பிப் போய்த் தன் குட்டியிடம் என்ன சொல்லியிருக்கும்?

பள்ளி மாணவருக்குக் கட்டுரை: பாட்டி சொல்லும் எந்தச் சொல் உனக்குப் புரியவில்லை? பஸ்ஸில் இன்று கேட்ட பேச்சில் தமிழ் எவ்வளவு, மலையாளம் எவ்வளவு?

தொழிலாளருக்கும் குமாஸ்தாவுக்கும் நாட்குறிப்பு: இன்று பார்த்த ஒருவரைப் பெயர் சொல்லாமல் ஐந்து வரியில் எழுதுக. ஊருக்குப் போன் செய்தபோது சொல்லாமல் விட்டது என்ன?

பெண்களுக்குக் கடிதம்: 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்களே, அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? மகளுக்கு எழுதுவதுபோல் எழுதுக.

முதியோருக்கு நினைவு: 1924 வெள்ளம் மூணாறு ரயில் பாதையை அடித்துச் சென்றதைப் பெரியவர்கள் எப்படிச் சொன்னார்கள்? 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தபோது வீட்டில் என்ன பேச்சு? எழுத இயலாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். இருவருக்கும் பயன்.

சில யோசனைகள்

பதினைந்து நிமிடம் போதும். பிழையைப் பார்க்க வேண்டாம். மலையாளச் சொல் கலந்தால் கலக்கட்டும். ஒருவர் நோட்டை மற்றவர் கேட்காமல் எடுத்துப் படிக்கக் கூடாது.

எழுதுவது மனத்துக்கும் நல்லது. அமெரிக்க மனநூல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்கள் சிலரைத் தம்மை வருத்திய நிகழ்ச்சி பற்றித் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதும்போது மனம் கனத்தாலும், பின்னர் வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போவது குறைந்ததை 1986இல் வெளியிட்டார்.

தள்ளிப்போட வேண்டாம்

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய கதைகள் அவர்களோடு போயின.

முதல் நாளுக்கு ஒரு கேள்வி: மூணாறு மலையில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள்? அடுத்தது 2030இல் பூக்க வேண்டும். இன்றிரவு தொடங்கும் நோட்டுக்கு அதுவரை எழுதச் சேதி குறையாது.