உங்களுக்குத் தெரியுமா? ஊவா மலையின் ரொட்டியும் தேத்தண்ணியும்

● ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் நாள் முழுக்க மலையில் நின்று 18 கிலோ பறித்தால், ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்திய பிறகு அது 4 கிலோ. கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 2,000 கோப்பைத் தேநீர். சொன்ன அளவுக்குக் கொழுந்து வராத நாளில் அதே பெண்ணுக்கு ‘அரைப்பேர்’தான் விழும், அதாவது பாதிச் சம்பளம். இத்தனை கோப்பைகளுக்குக் கொழுந்து எடுத்துக் கொடுப்பவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது? இந்த முறை அதைப் பார்ப்போம்.

● ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுப்பது காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி ஊவாப் பக்கம் இறங்குகிறது. கச்சான் காற்று என்பது இதைத்தான். அந்த வறட்சியில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களை இலையில் சேர்த்துக்கொள்கிறது. அவற்றில் முக்கியமானது மெதில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசமும் இதுவே. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், ஊவா ஆகிய மூன்றையும் உலகின் மூன்று பெருந்தேநீர்கள் என்று ஜப்பானியர் வரிசைப்படுத்தும்போது, ஊவா என்று மனதில் வைப்பது இந்தப் பருவத்துச் சரக்கைத்தான்.

● கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே இருக்கும் தம்பேதன்ன அவற்றுள் ஒன்று. தன் கடைகளுக்கு வேண்டிய தேயிலையை இடைத்தரகர் இல்லாமல் நேரே எடுத்துச் செல்வதே அவர் திட்டம்.

● கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. நல்ல ரகங்கள் அங்கே போகும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் கொதிப்பது பெரும்பாலும் தூள் வகை. சாயம் கடுக்க இறங்கும், விலை குறைவு, கொஞ்சம் போட்டாலே வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் காணும். பால் இல்லாத பிளேன்டியைச் சீனி கலக்காமல் ஊற்றி, உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்துத் தொட்டு நக்கிக் குடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் இனிப்பு குறைவாகவே செலவாகும். தேயிலையின் ருசியும் நாக்கில் தனியாகத் தெரியும்.

● அந்தக் கோப்பைக்கு வேண்டிய எல்லாமே ஊவா மாகாணத்துக்குள் கிடைக்கும். தேயிலை பதுளை மாவட்டத்தில். கரும்பும் சீனி ஆலையும் மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தையிலும் செவனகலையிலும். பால்மா ஆலைகூடப் புத்தளைப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் இலங்கை தின்னும் சீனியில் பெரும்பங்கு இன்னும் கப்பலில்தான் வருகிறது.

● தோட்டத்துக் காலைச் சாப்பாடு என்றால் ரொட்டி. இங்கே பலர் அதை ஆதிகாலத்து உணவு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த முன்னோர் சோறும் கேழ்வரகும் கம்பும் தின்றவர்கள். தோட்டத்தில் அவர்களுக்குப் படியளந்தது அரிசி. அந்த அரிசி எவ்வளவு முக்கியம் என்றால், 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியோடு சேர்த்து, தோட்டம் தொழிலாளிக்குக் கொடுக்கும் அரிசியின் விலையையும் கட்டுப்படுத்தியது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா நுழைந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை.

போகாததற்கு மலை வேலையும் ஒரு காரணம். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டு, பிரட்டுக்கு (காலையில் ஆள் எடுக்கும் இடம்) நேரத்தோடு நிற்க வேண்டிய பெண்ணுக்குச் சோறு வடித்துக் குழம்பு வைக்கப் பொழுது கிடையாது. மா, தேங்காய்ப்பூ, உப்பு, இருந்தால் வெங்காயமும் பச்சை மிளகாயும். பிசைந்து, உருட்டி, கையாலேயே கனமாகத் தட்டிக் கல்லில் போட்டால் முடிந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். தட்டு வேண்டாம், குழம்பு சிந்தாது, நடுமலையில் நின்றபடி சாப்பிடலாம், பகல்வரை பசி தாங்கும். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். கையில் காசு இருந்தால் அதில் கொஞ்சம் மாசி. இதை ஏழ்மையின் உணவு என்று மட்டும் சொல்லி நகர்வது எனக்குச் சம்மதமில்லை. கிடைத்த ஒரே மாவை வைத்து, கிடைத்த அரைமணி நேரத்துக்குள், அந்த வேலைக்கே பொருத்தமான ஒரு சாப்பாட்டை நம் பாட்டிமார் உருவாக்கினார்கள். அது சமையல் அறிவு. இன்று கொழும்புக் கடைகளிலும் அந்தத் தேங்காய் ரொட்டி விலைபோகிறது.

● ஆனால் மாவை நம்பியிருந்த வீடு, மா நின்றபோது நொறுங்கியது. 1973, 74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அரசாங்கம் பங்கீட்டை வெட்டியது. கிராமத்தானுக்கு வீட்டைச் சுற்றி மரவள்ளியும் பலாவும் இருந்தன. லயத்துக்காரருக்குச் சுவரைத் தாண்டினால் தேயிலை, அதற்கப்பாலும் தேயிலை. ஒரு கிழங்கு ஊன்றச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. தேயிலை ஏற்றுமதி நடந்துகொண்டிருந்த காலம் அது. மலையகத்து மூத்தவர்கள் இன்றும் அதைப் ‘பஞ்ச காலம்’ என்று சொல்லும்போது குரல் மாறும். இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

● ஊவாவில் பசி ஆயுதமாகப் பயன்பட்டது அதற்கும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன். 1817-18 ஊவா - வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்க ஆளுநர் பிரவுன்ரிக்கின் படைகள் நெல்லை எரித்தன, குளங்களை உடைத்தன, மாடுகளைக் கொன்றன, பழமரங்களை வெட்டின. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற வெல்லஸ்ஸ அதன் பின் பல தலைமுறைக்குத் தலைநிமிரவில்லை.

● குளிர்பெட்டி இல்லாமல் இறைச்சியை வைத்திருப்பது எப்படி? பதுளை மாவட்டத்து மகியங்கனைக் காட்டில் வேடர்களிடம் விடை இருந்தது. மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சித் துண்டுகளை அதில் நிரப்பி, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். வேட்டை கிடைக்காத காலத்துக்கு அது சேமிப்பு. கண்டி மன்னனிடம் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் அச்சிட்ட தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். முறை அறிவியலுக்கும் பொருந்துகிறது: தேனில் நீர் குறைவு, அமிலமும் உண்டு, கிருமி எளிதில் வளராது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானை வேடர்களின் வேட்டைக் காடு கைவிட்டுப் போயிற்று.

● வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஒரே வயலில் நெல்லும் உருளைக்கிழங்கும் மாறி மாறி விளையும். மகா போகத்து நெல்லை அறுத்ததும் மண்ணைப் பாத்தியாகக் கொத்திக் கிழங்கு ஊன்றிவிடுவார்கள். நாட்டில் விளையும் உருளைக்கிழங்கு பெரும்பாலும் பதுளை, நுவரெலியா ஆகிய இரண்டு மாவட்டங்களிலிருந்தே வருகிறது. தோட்ட வேலை இல்லாத நாளில் இந்த மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் தமிழர் ஏராளம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது கிழங்கும் கொழுந்தும் சேர்ந்தே அடிவாங்கின. நவம்பரில் தடை போனது. இழந்த போகம் திரும்பவில்லை.

● ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகை இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அவர்கள் தயாரிக்கும் பழ ஜாமும் பானமும் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கும்.

● கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷா 1973இல் தொடங்கியது. சோளமும் சோயாவும் அதன் அடிப்படை. அந்தச் சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் மொனராகலையும் பதுளையும் உண்டு. அப்படியிருந்தும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வது இது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதம். உயரம் குறைவது பரம்பரை என்று சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள். தாயின் சாப்பாடு, முதல் ஆயிரம் நாள், குடிதண்ணீர், கழிவறை எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் இது.

● ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பது நம் பழக்கம். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு, மாவிலிருந்து கிடைக்கும் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். இரத்தச்சோகை மிகுந்த இடத்தில் இது பெரிய இழப்பு. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் பெரும்பகுதி தப்பும். சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வல்லாரையை அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தேசிக்காய் பிழியும் சம்பலில் கீரையும் புளியும் ஒன்றாகவே இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணீரோடு போடுங்கள்.

● லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் 7 பேர்ச் காணி கிடைத்தது. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரை எடுத்துக்கொண்டாலும் 120க்கு மேல் மிஞ்சும். பாதைக்கும் கழிவறைக்கும் விட்டுவிட்டு மீதியில் போஞ்சிக் கொடி, கறிமிளகாய், பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஓரத்தில் ஒரு தேசி மரம், நாலு கோழிக்கு ஒரு கூடு என்று தாராளமாக இடமிருக்கிறது. பட்டியல் சின்னதுதான். ஆனால் 1974இல் லயத்துக்காரருக்கு இவற்றில் ஒன்றுக்கும் சொந்த நிலம் இல்லை. மலையகத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னும் அந்தக் காணிக்காகக் காத்திருக்கின்றன.