இதயமும் நாமும் – 9: மாடி பஸ்ஸும் கால்சட்டை அளவும்

சென்ற வாரம் ரத்த அழுத்தத்தோடு நிறுத்தினோம். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதற்குமேல் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கென்று வாக்களித்திருந்த உப்பும் பப்படமும் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன; அதற்குக் காரணம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நின்றிருந்த ஒரு மாடி பஸ்.

தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஓடுகிற வண்டியின் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்தபடி, குறுகிய படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் கண்டக்டரைப் பார்த்தால் நமக்குப் பரிதாபம் உண்டாகுமே தவிர, ஹிருதய ரோகத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மை அந்தப் படிகளில் ஒளிந்திருப்பதாகத் தோன்றாது. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டருக்குத் தோன்றியது. ஒரே நிர்வாகம், ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்ப நிலைமை. ஆனால் டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார், கண்டக்டரோ ஒரு நாள் வேலையில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் விவரங்களை ஆராய்ந்து, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது, வந்தாலும் அத்தனை கடுமையாக இருப்பதில்லை என்று 1953-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள்.

இதுவரை பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். என்னை இந்த வாரம் முழுவதும் வேறு வேலை பார்க்கவொட்டாமல் அடித்தது இதன் பின்கதை. படி ஏறுவதால்தான் கண்டக்டர் திடமாக இருக்கிறாரா, அல்லது ஸ்தூல சரீரிகள் டிரைவர் வேலைக்கும் ஒல்லியானவர்கள் கண்டக்டர் வேலைக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறார்களா என்ற ஆட்சேபம் எழுந்தபோது, அந்த ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போனது ஆஸ்பத்திரி ஏடுகளை அல்ல, சீருடைக் கணக்கை! நிர்வாகம் இனாமாகக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பு அளவுகள் வயதுவாரியாக அதில் பதிவாகியிருந்தன. பார்த்தால், எந்த வயதிலும் டிரைவரின் இடுப்பே பெரிது. வாலிபர்களிடத்திலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தம்முடைய முடிவையே ஓரளவு அசைத்துவிடக்கூடிய இந்தச் செய்தியை மறைக்காமல், ‘சீருடைகளின் நோய்ப்பரவலியல்’ என்று தலைப்பிட்டு 1956-ல் அச்சேற்றினார்களே, அந்த நேர்மைக்காகவே மாரிஸை நான் வணங்குவேன். பிற்பாடு ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று தேகவாகு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும் திடீர் மரணம் டிரைவர்களிடமே அதிகமாயிருந்ததால், படிக்கட்டின் கீர்த்தி நிலைத்தது. மாரிஸ் 99 வயது வாழ்ந்து 2009-ல் காலமானார்.

நம் ஊரில் காலை வேளையில் நேப்பியர் மியூசியத் தோட்டத்துக்குக் காரில் வந்திறங்கி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, காரிலேயே அலுவலகம் போய், இரண்டாவது மாடிக்கு லிப்டுக்காகப் பத்து நிமிஷம் காத்து நிற்கும் கனவான்களை நான் அறிவேன். நடையை நான் குறை கூறவில்லை. ஆனால் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிற அப்பியாசம் மழை வந்தால் நின்றுபோகும். அன்றாட அலுவலுக்குள்ளேயே கலந்துவிட்ட பிரயாசை நிற்பதில்லை.

கரமனையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும், அக்கவுண்டண்ட் ஜெனரல் (ஏஜி) ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற என் அத்திம்பேர் இதில் நிபுணர். தேங்காய்க்கு ஒரு தடவை, கறிவேப்பிலைக்கு ஒரு தடவை, தபாலில் கடிதம் சேர்க்க இன்னொரு தடவை என்று தனித்தனியாக இறங்கி ஏறுவார். “எல்லாத்தையும் ஒரே நடையா வாங்கிண்டு வரப்படாதோ? மறதி வந்துடுத்து உங்களுக்கு” என்பாள் அக்கா. “மறதி இல்லைடி, கணக்கு” என்பார் அவர்.

கணக்கு சரிதான். ஏறும்போது தொடைத் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கின்றன. பழகப் பழக, அதே வேலையை ஹிருதயம் குறைந்த துடிப்பில் முடிக்கக் கற்றுக்கொள்கிறது. நாளாவட்டத்தில் ரத்த அழுத்தமும் சற்றுத் தணிகிறது. ஆனால் ஏறுகையில் நெஞ்சில் பாரமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ கண்டால், அங்கேயே உட்கார்ந்துவிட்டு உடனே, தாமதமில்லாமல், வைத்தியரிடம் போகவேண்டும். ஏற்கெனவே மாரடைப்புக் கண்டவர்கள் அவர் அனுமதியில்லாமல் இதில் இறங்கலாகாது. முழங்கால் தேய்ந்தவர்களை அதிகம் படுத்துவது ஏற்றமல்ல, இறக்கம். அவர்கள் இறங்குவதற்கு லிப்டை உபயோகித்துக்கொள்வதில் பாபம் ஒன்றுமில்லை.