அந்த ஸ்டேஷன் எந்த ஸ்டேஷன் லிமிட்?



போன செமஸ்டர் தேர்வு முடிந்த அன்று இரவு, ஹாஸ்டல் ஹாலில் ஒரு டப்பிங் படம் ஓடியது. பூமிக்கு மேலே சுற்றும் ஒரு விண்வெளி நிலையம். அதைப் பார்வையிட ஒரு நாட்டின் தலைவர் வருகிறார். உள்ளே இருக்கும் நாலு பேர் ரகசியமாகக் கூடி, அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். கடைசி நிமிஷத்தில் கதாநாயகன் காப்பாற்றிவிடுகிறான், வழக்கம்போல! படம் முடிந்ததும் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஏன்டா, அந்த ஸ்டேஷன் எந்த போலீஸ் ஸ்டேஷன் லிமிட்டுடா? கேஸை எங்க போடுவாங்க?"

ஹாலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. கேள்வி சும்மா கேட்டதுதான், ஆனால் பதில் சும்மா கிடைக்கவில்லை. லைப்ரரியில் தேடி, தெரிந்த ஒரு வக்கீல் அண்ணனைத் தொந்தரவு செய்து, நான் புரிந்துகொண்டதை இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்க ஊர் லிமிட்

நான் திருவக்கரைக்காரன். கல்மரங்களுக்கும் வக்ரகாளியம்மனுக்கும் பேர் போன ஊர். பௌர்ணமிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருப்பீர்களே, அதே ஊர்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு "லிமிட்" என்ற வார்த்தை சின்ன வயசிலேயே பழக்கம். காரணம், பக்கத்தில் புதுச்சேரி எல்லை. அது நேர்கோடு கிடையாது. ஒரு ஊர் நம்முடையது, அடுத்த ஊர் அவர்களுடையது, அதற்கடுத்தது மறுபடி நம்முடையது. ரோட்டில் ஒரு விபத்து என்றால், முதல் கேள்வி "அடிபட்டவன் யாரு?" என்பதல்ல, "இது யார் லிமிட்?" என்பதுதான்! இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இன்று இது ஒரு மாநிலத்துக்கும் ஒரு யூனியன் பிரதேசத்துக்கும் நடுவே உள்ள எல்லை. 100 வருஷத்துக்கு முன்னால் இது இரண்டு தேசங்களின் எல்லை. இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். இந்தப் பக்கத்துப் போலீஸுக்கு அந்தப் பக்கம் அதிகாரமே கிடையாது. விண்வெளி நிலையத்துக் கேள்விக்கு விடை தேட, முதலில் இந்த எல்லையைத்தான் தாண்ட வேண்டும்.

மணியாச்சி ஸ்டேஷன்

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பி, மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்கு வந்து பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். சுட்டவரும் இறந்தார், சுடப்பட்டவரும் இறந்தார். சாதாரண வழக்கு என்றால் அதோடு ஃபைலை மூடியிருப்பார்கள்.

மூடவில்லை. ஏனென்றால் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த ரகசிய சங்கம். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டதும், 1908-ல் அவர் சிறைக்குப் போனதும் அவர்கள் மனதில் கொதித்துக்கொண்டிருந்தன. வாஞ்சி சம்பவத்துக்கு முன்பு புதுச்சேரிக்குப் போய்வந்தவர். அங்கே வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாகச் சொல்லப்பட்டது.

இங்கேதான் நம்ம "லிமிட்" வருகிறது! குண்டு பாய்ந்த இடம் பிரிட்டிஷ் மண். பயிற்சி நடந்ததாகச் சொல்லப்பட்ட இடம் பிரெஞ்சு மண். 14 பேரைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 1912-ல் நீலகண்டருக்கு 7 வருஷம் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் புதுச்சேரியில் இருந்தவர்களை உள்ளே புகுந்து பிடிக்க முடியவில்லை. தெருத்தெருவாக ஒற்றர்களை நிறுத்தி வேவு பார்க்கத்தான் முடிந்தது. ஐயர் 1920-ல்தான் பொதுமன்னிப்புக்குப் பிறகு திரும்பினார். இந்த வழக்கில் குற்றவாளியாக நிறுத்தப்படாத பாரதியாருக்கே என்ன ஆயிற்று? 1908-லிருந்து புதுச்சேரியில் இருந்தவர், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது! அந்தக் கோட்டுக்கு அவ்வளவு சக்தி.

வாஞ்சியைத் தியாகி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. மணியாச்சி ஸ்டேஷனுக்கே இன்று அவர் பெயர்தான். அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தின் சாதிப் பார்வையை விமர்சிப்பவர்களும் உண்டு. அந்த விவாதம் பெரியது, அதை இங்கே இழுக்கவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: துப்பாக்கி பிடித்த கையை விட, அதற்குப் பின்னால் உள்ள பேச்சைப் பிடிப்பதுதான் சட்டத்துக்குக் கஷ்டம்.

சதி என்றால் என்ன?

நாம் சினிமாவில் பார்த்த சதி வேறு, சட்டம் சொல்லும் சதி வேறு. ஒரு குற்றத்தைச் செய்யலாம் என்று இரண்டு பேர் ஒப்புக்கொண்டாலே சதிக்குற்றம் முடிந்துவிட்டது. துப்பாக்கி வெடிக்க வேண்டாம், யாரும் சாக வேண்டாம். ஆனால் தனி ஆளாக நீங்கள் மனசுக்குள் என்ன நினைத்தாலும் அது சதி ஆகாது. குறைந்தது இரண்டு மனசு சேர வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், ஆஷ் வழக்கு நடந்தபோது பொதுவான சதிக்குற்றப் பிரிவே இந்திய தண்டனைச் சட்டத்தில் இல்லை! மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி என்ற பிரிவைத்தான் பயன்படுத்தினார்கள். 120-பி என்று நாம் பேப்பரில் அடிக்கடி படித்த பிரிவு 1913-ல்தான் சேர்க்கப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 61-வது பிரிவு.

நம்ம பாஷையில் சொன்னால், சதி ஒரு சீரியஸ் சர்க்யூட். பணம் கொடுத்தவன், வீடு பிடித்துக் கொடுத்தவன், பொருள் வாங்கித் தந்தவன், கடைசியில் வெடித்தவன் எல்லோரும் ஒரே கம்பியில் தொடுக்கப்பட்டவர்கள். ஆனால் அந்த சர்க்யூட்டுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அதன் பெயர் "தெரிந்து". தெரிந்து ஒப்புக்கொண்டால்தான் கரண்ட் பாயும். தெரியாமல் கொடுத்தவன் சர்க்யூட்டுக்கு வெளியே. இது ஏட்டில் சுலபம். நிஜத்தில் எவ்வளவு கஷ்டம் என்பதை நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோ மாணவரின் கதை சொல்லும்.

ஒன்பது வோல்ட்

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு, பாதுகாப்புக்கு வந்த போலீஸாரும் கூட்டம் பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் இன்றும் ஆறாத காயம் அது. மொத்தம் 41 பேர் மீது குற்றப்பத்திரிகை. அதில் 12 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 3 பேர் எல்லைக்கு அப்பால், இலங்கையில், கைக்கு எட்டவில்லை. ஆஷ் வழக்கின் புதுச்சேரி மாதிரியே! மீதி 26 பேர் கோர்ட்டில் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. படித்தது எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் டிப்ளமோ. அவர் மீதான குற்றச்சாட்டில் முக்கியமானது, சிவராசனுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. அவை வெடிகுண்டு பெல்ட்டில் பயன்பட்டன என்றது அரசுத் தரப்பு. நம் லேப் டிராயரில் டஜன் கணக்கில் கிடக்கும் அதே ரகம்!

கேள்வி பேட்டரி வாங்கினாரா என்பதில் இல்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா? பதில் அவருடைய வாக்குமூலத்தில் இருந்து எடுக்கப்பட்டது. சாதாரணமாகப் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அப்போது இருந்த தடா சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி எழுதினால் செல்லும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. ஆனால் அந்த வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டு, மற்ற சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்து, பேரறிவாளன் உட்பட 4 பேருக்குத் தூக்கை உறுதி செய்தது.

2013-ல் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகு ஒரு விஷயம் சொன்னார். "எதற்கு என்று எனக்குத் தெரியாது" என்ற பொருளில் பேரறிவாளன் சொன்ன வாக்கியத்தைத் தான் எழுதவில்லை என்றார்! ஒரே ஒரு வாக்கியம். சர்க்யூட்டின் ஸ்விட்சே அதுதானே?

2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. இது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. தமிழக அமைச்சரவையின் விடுதலைப் பரிந்துரையில் முடிவு எடுக்கப்படாமல் ஏற்பட்ட தாமதத்தைக் கணக்கில் எடுத்து வந்த உத்தரவு. 19 வயதில் உள்ளே போனவர் வெளியே வந்தபோது 50. இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

மேலே போவோம்

ராஜீவ் கொலை நடந்த அதே இரவில் நம் தலைக்கு மேலே சோவியத்தின் மிர் விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து பேர். அவர்களில் செர்கெய் கிரிக்கலேவ் மே 18 அன்றுதான் கிளம்பியவர். அவர் மேலே இருக்கும்போதே ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிராக அரசியல் சதி நடந்து தோற்றது. டிசம்பரில் அவரை அனுப்பிய நாடே இல்லாமல் போயிற்று! 1992 மார்ச் 25 அன்று இறங்கியபோது, அவர் கால் வைத்த மண் கஜகஸ்தான் என்ற தனி நாடு. நாடு போனால் நிலையத்துக்குச் சட்டம் எது? அந்தப் பொறுப்பை ரஷ்யா எடுத்துக்கொண்டது.

விண்வெளி யாருக்கும் சொந்தமில்லை. இதை 1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் சட்டம் இல்லாத இடமும் இல்லை. ஒரு கலத்தை எந்த நாடு பதிவு செய்ததோ, கலத்தின் மீதும் அதில் உள்ளவர்கள் மீதும் அந்த நாட்டுக்கே அதிகாரம். நடுக்கடலில் கப்பல் தன் கொடிக்குரிய நாட்டின் சட்டத்தைச் சுமந்து போவதுபோல!

இப்போது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு பகுதி ஒரு நாட்டுடையது, இன்னொரு பகுதி இன்னொரு நாட்டுடையது. அப்படியே எங்க ஊர் எல்லை! அதனால் 1998-ல் 15 நாடுகள் தனி ஒப்பந்தம் போட்டன. அதன்படி எந்த அறையில் குற்றம் நடந்தது என்பது முக்கியமில்லை, செய்தவன் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முதல் கேள்வி. அவன் நாடு வழக்கு நடத்தும். பாதிக்கப்பட்டவர் வேறு நாட்டவர் என்றால் இரு நாடுகளும் கலந்து பேச வேண்டும். குற்றவாளியின் நாடு சம்மதித்தாலோ, 90 நாளில் வழக்குப் போடுவோம் என்று உறுதி தராவிட்டாலோ, பாதிக்கப்பட்ட நாடு வழக்கைக் கையில் எடுக்கலாம்.

இதுவரை அங்கே கொலையும் இல்லை, கொலைச் சதியும் இல்லை. 2019-ல் வந்தது ஒரே ஒரு புகார். மேலிருந்தபடி ஒரு வீராங்கனை தன் துணையின் வங்கிக் கணக்கை அனுமதியின்றிப் பார்த்தார் என்று. அதுவும் பொய் என்று தெரிந்து, புகார் கொடுத்தவர் மீதே வழக்குப் பாய்ந்தது!

அப்போ கேஸ் எங்கே?

2025-ல் நம் சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்துக்குப் போய் வந்தார். இந்தியா 1998 ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு வெளியே எங்கே குற்றம் செய்தாலும் நம் சட்டம் பொருந்தும். அவன் இந்தியாவில் எங்கே பிடிபடுகிறானோ, அந்த இடத்துக் கோர்ட்டிலேயே மத்திய அரசின் அனுமதியோடு விசாரிக்கலாம். ஆக, அவன் திண்டிவனத்தில் பிடிபட்டால் கேஸ் நம்ம பக்கம்தான்!

அதற்கும் மேலே ஒன்று. வெளியே உட்கார்ந்துகொண்டு, இந்தியாவுக்குள் நடக்கும் குற்றத்தைத் தூண்டினாலும் அது குற்றம் என்று புதிய சட்டத்தின் 48-வது பிரிவு சொல்கிறது. 1911-ல் புதுச்சேரிக் கோட்டருகே பிரிட்டிஷ்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றானே, அந்த ஓட்டையை அடைக்கும் பிரிவு. ஆளைப் பிடித்துத் தருவது மட்டும் இன்றும் அடுத்த நாட்டின் கையில்தான். 2035-க்குள் நமக்கே சொந்தமாக ஒரு நிலையம் அமைக்கத் திட்டம் இருக்கிறது. அங்கே நம் கொடி, நம் சட்டம்.

ஆக, நண்பனின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. லிமிட் பிரச்சினையை மனுஷன் எப்படியோ ஒப்பந்தம் போட்டுத் தீர்த்துவிடுகிறான். தீராதது இன்னொன்று. தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா? அதற்கு எந்த நாட்டு ஒப்பந்தத்திலும் சூத்திரம் இல்லை.

போன லீவில் நான் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவர் டைமர், ரிலே, 9 வோல்ட் பேட்டரி வைத்து ஒரு சர்க்யூட் கேட்டார். 300 ரூபாய்க்கு அரை மணியில் செய்து கொடுத்தேன். "எதுக்கு அண்ணே?" என்று கேட்கவே இல்லை. பிறகு தெரிந்தது, தோட்டத்து மோட்டாருக்காம். நல்லவேளை! வேறு எதற்காகவாவது இருந்திருந்தால், நான் கேட்கவில்லை என்பதை யார் நம்பியிருப்பார்கள்?

நண்பர்களே, நாம் பொருள் செய்கிறவர்கள். பயந்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம், பேட்டரி விற்பது குற்றமில்லை. ஆனால் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் வாக்கியத்தை எழுதாமல் விட்டாலும், நீங்கள் எழுதியது இருக்கும்.



— திருவக்கரைக்காரன்,
மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்