ஒலி நம் இல்லத்தில்! உரிமை எவர் இல்லத்தில்?

காஞ்சிக் கடைவீதியிலே பட்டுச் சேலை எடுக்கப் போகிறார் ஓர் அம்மையார். சேலையைத் திருப்பிப் பார்க்கிறார். கரையைத் தடவிப் பார்க்கிறார். "கோர்வையா? சரிகை அசலா? எந்த ஊர்த் தறி?" என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார். கேட்கட்டும்! கேட்டு வாங்குவதுதான் அறிவுடைமை.

அதே அம்மையார் அடுத்த கடையில் பாட்டு கேட்க ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்குகிறார். அங்கே கேட்பதென்ன? "நல்ல கம்பெனிதானே?" இந்த ஒரு கேள்விதான்! கடைக்காரர் தலையசைத்தார், பணம் கைமாறிற்று, பெட்டி வீடு வந்தது, பாடத் தொடங்கிற்று. செய்தவர் யார்? செய்த இடம் எது? கொடுத்த காசு எவர் கருவூலம் சேர்கிறது? இந்த மூன்றையும் கேட்பாரில்லை.

ஒலிபெருக்கியின் அருமையை நாம் அறிவோம். ஒலிபெருக்கியோடு வளர்ந்த இயக்கம் நம் இயக்கம். 1940-இல் தொடங்கிய டில்லி நிறுவனமான அகுஜாவின் கூம்பு ஒலிபெருக்கி இல்லாத பொதுக்கூட்ட மேடை ஏது? மேடையிலே இருந்த ஒலி இன்று கூடத்துக்கு வந்துவிட்டது. வந்த ஒலியோடு வந்த பெயர்களைப் பாருங்கள்!

ஜே.பி.எல். என்கிறது ஒரு பெட்டி. ஹர்மன் கார்டன் என்கிறது மற்றொன்று. டெனன் என்கிறது, மாரன்ட்ஸ் என்கிறது, போல்க் என்கிறது, பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்கிறது. ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும் போட்டியாளர்கள் என்றுதான் வாங்குவோர் நினைக்கிறார்கள். போட்டியா? எங்கே போட்டி? அத்தனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

1946-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லான்சிங் என்ற பொறியாளர் தொடங்கியது ஜே.பி.எல். 1949-இல் அவர் மறைந்தார், பெயர் மறையவில்லை. 1969-இல் அந்த நிறுவனத்தை வாங்கினார் சிட்னி ஹர்மன். 2017-இல் ஹர்மன் நிறுவனத்தையே 800 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று தென்கொரியாவின் சாம்சங். 2025-இல் அதே ஹர்மன், ஜப்பானில் பிறந்த டெனனையும், அமெரிக்காவில் பிறந்த மாரன்ட்ஸையும் போல்க்கையும், 1966-இல் இங்கிலாந்தில் பிறந்த பவர்ஸ் அண்ட் வில்கின்ஸையும் மொத்தமாக 35 கோடி டாலருக்குத் தனதாக்கிக் கொண்டது. பெட்டிகள் பல, பெயர்கள் பல, கல்லாப்பெட்டியோ ஒன்று!

பிலிப்ஸ் என்றால் டச்சுக்காரரின் சரக்கு என்பது நம் பாட்டனார் காலத்து நினைப்பு. இன்று பாட்டுப் பெட்டியிலே பிலிப்ஸ் என்பது உரிமம் பெற்று ஒட்டப்படும் பெயர். உரிமம் பெற்றிருப்பது டி.பி.வி. என்னும் சீன நிறுவனம். வீட்டை வாடகைக்கு விடுவது கண்டோம். பெயரை வாடகைக்கு விடுவதையும் காண்கிறோம்!

போஸ் என்றொரு பெயர். வெள்ளையன் போலீசுக்குத் தப்பி வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலை வீரரின் மகன் அமர் போஸ், 1964-இல் தொடங்கியது. தம் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை 2011-இல் தாம் பயின்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கே வழங்கினார். கல்விக்கு ஈந்த அந்தக் கை வாழ்க! ஆனால் அந்தப் போஸ் நிறுவனமும் 2016-இல் மெக்சிகோவிலும் மலேசியாவிலும் இருந்த தன் ஆலைகளை ஃபிளெக்ஸ் என்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. பெயர் வைத்திருப்பவர் ஒருவர். திருகாணி முடுக்குபவர் வேறொருவர்.

"இந்தியப் பெயர்கள் இல்லையா?" என்பீர்கள். இருக்கின்றன. நம் சென்னையிலேயே 1997-இல் எழுந்த செப்ரானிக்ஸ் இருக்கிறது. படகைப் பெயராகக் கொண்ட போட் இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் போட் நிறுவனத்தின் சரக்கு முதலில் சீன ஆலைகளிலிருந்துதான் வந்தது. 2022-இல்தான் டிக்சன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து உள்நாட்டு உற்பத்திக்கு வழி வகுத்தார்கள். படகு நம்முடையது, நெடுநாள் துறைமுகம் அவர்களுடையது!

"பாட்டு இனிமையாக இருந்தால் போதாதா? உடைமை யாருடையதானால் நமக்கென்ன?" என்று கேட்பார் உண்டு. அவர்களைத் தென்னேரிக்கு அழைக்கிறேன்.

தென்னேரி, நம் முன்னோர் நெல் விளையக் கண்ட பேரேரி. திரையன் ஏரியே தென்னேரி ஆயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர் பேரப்பிள்ளைகளைக் கம்பெனிப் பேருந்து ஏற்றிச் செல்கிறது. எங்கே? சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர், ஒரகடம்! தென்னேரிக்குச் சற்றுத் தொலைவிலே, சுங்குவார்சத்திரத்தில், 2007 முதல் நிற்கிறது சாம்சங் ஆலை. ஜே.பி.எல். பெட்டிக்கு நாம் கொடுக்கும் காசின் இலாபம் போய்ச் சேரும் அதே சாம்சங்!

2024 செப்டம்பர் 9-ஆம் நாள் அந்த ஆலையின் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாட்கள் நீடித்தது. ஊதியக் கோரிக்கை இருந்தது. ஆனால் அடிநாதம் வேறு. "நாங்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?" என்பதே கேள்வி. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த மண் இது. தொழிற்சங்கச் சட்டம் வந்ததோ 1926-இல். நூறாண்டை எட்டும் உரிமைக்கு 37 நாள் வெயிலிலே உட்கார வேண்டியிருந்தது! 2025 சனவரியில்தான் சங்கம் பதிவு பெற்றது. உலகெங்கும் ஒலியை விற்பவரின் ஆலையிலே, உழைப்பவர் குரல் ஒலிக்க இத்தனை பாடு! உடைமை யாருடையது என்ற கேள்வி வீண் கேள்வியா, சொல்லுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். திருப்பெரும்புதூரில் 2006-இல் வந்தது நோக்கியா ஆலை. ஆயிரமாயிரம் இளைஞரும் இளம்பெண்களும் வேலை பெற்றனர். 2014 நவம்பரில் கதவு மூடிற்று. திறந்த முடிவும் மூடிய முடிவும் எடுக்கப்பட்ட இடம் காஞ்சி மாவட்டமன்று.

வந்த ஆலைகளை விரட்டுவதா? இல்லை! 2024–25-இல் இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் 41 விழுக்காடு, 1,465 கோடி டாலர், தமிழ்நாட்டுடையது. இது நம் பிள்ளைகளின் கைவண்ணம், பெருமைதான். ஆனால் பூட்டிச் சேர்ப்பதோடு நிற்பதா என்பதே என் வினா.

ஸ்பீக்கரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு காந்தம், ஒரு செம்புச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. சுருளிலே மின்சாரம் ஓட, காந்தம் அதை உந்தி இழுக்க, கூம்பு அதிர்கிறது, காற்று பாடுகிறது. இவ்வளவுதான் மந்திரம்! ஆனால் சின்னஞ்சிறு பெட்டி பெருங்குரல் எடுக்க வேண்டுமானால் நியோடிமியக் காந்தம் வேண்டும். அது பெரும்பாலும் சீனத்தின் கையில். 2025 ஏப்ரலில் அருமண் காந்த ஏற்றுமதிக்குச் சீனம் கடிவாளம் போட்டதும், இங்குள்ள ஒலிக்கருவித் தொழில் திணறிற்று. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே அருமண் தாதுவான மோனசைட்டு இருக்கிறது. அதைத் தோண்டுவதா என்பது கடலோர மக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய தனி வழக்கு. ஆயினும் மண் இருந்தும் காந்தம் செய்யும் வித்தை பெருகாமல் போனது ஏன்?

இந்தக் குறையை அறிந்துதான் 2025 ஏப்ரலில், உதிரிப்பாகங்களை இங்கேயே செய்ய, 30,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 60,000 வேலைகளையும் இலக்காக வைத்துத் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் கொணர்ந்தது. அந்தத் திட்டத்திலே காந்தத்துக்கும் சுருளுக்கும் கூம்புக்கும் இடம் வேண்டும். கூடவே தமிழ்நாட்டுப் பொறியாளர் பெயரிடும் பெட்டியும் வேண்டும்.

முடியுமா என்று ஐயுறுவோர் காஞ்சித் தறியைப் பார்க்கட்டும். நெய்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் ஒருவன், பணம் பெற்றவன் ஒருவன் என்றிருந்த தொழில்தான் நெசவு. கூட்டுறவு வந்தது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் எழுந்தது. நெசவாளர் சங்கங்களே தங்கள் பெயரில் விற்கக் கற்றன. காஞ்சிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறைகள் தீர்ந்தனவா? இல்லை. ஆனால் பெயர் ஊருக்குச் சொந்தமாயிற்று!

ஆகவே தோழர்களே, பெட்டி வாங்குங்கள், பாட்டு கேளுங்கள். வாங்குமுன் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது, கொண்டுவந்தவர் யார் என்பதைப் பொடி எழுத்திலேனும் சட்டம் அச்சிட வைத்திருக்கிறது. உடைமையாளர் பெயரை அங்கே தேடாதீர்கள், இராது! அதை நாம்தான் கேட்டறிய வேண்டும். செய்யும் கைக்குச் சங்கம், செய்யும் ஊருக்குப் பெயர், செய்த பொருளில் பங்கு — இம்மூன்றும் கிட்டும்வரை, நம் வீட்டுப் பெட்டி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அது பாடுவது பிறர் புகழே!