கண்ணாடி இல்லாத முகப்பு

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான 'கோல்கொண்ட்' விடுதியில், வழக்கமான ஜன்னல்களைத் தேடினால் கிடைக்காது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகளில் அசையும் சிமென்ட் பலகைகளைப் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். திறந்தால் காற்று வரும். சாய்த்து மூடினால் மழைச்சாரல் அண்டாது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்களில் ஏசி நின்றுபோன மதியத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1937-இல் தொடங்கிய வேலை இது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து, ஜப்பானில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட். உடன் நின்று கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா. பிற்பாடு அமெரிக்காவில் மரச்சாமான்களுக்குப் பேர்போனவர். பணம் ஹைதராபாத் நிஜாம் அரசின் திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்தது. கோல்கொண்டா கோட்டையின் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

சீடர்கள் தங்க, படிக்க, தியானத்தில் அமர அறைகள் வேண்டும். தேவை இவ்வளவுதான். ஒருபக்கம் அறைகள், மறுபக்கம் நடைவழி. நடுவில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் கோத்த தேக்குமர நகரும் கதவுகள். கதவை மூடினாலும் காற்று குறுக்கே ஓடும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். கூரையில் தட்டையான தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்று நிற்பதால் மேல்தளத்துக்கு வெயிலின் சூடு அப்படியே இறங்குவதில்லை. தரைக்குக் கடப்பைக் கல். அலங்காரம் என்று தனியாக எதையும் ஒட்டவில்லை.

எளிமையென்றால் மலிவு, சீக்கிரம் முடியும் என்றுதான் பலர் நினைக்கிறோம். இங்கே முழு அளவில் ஒரு மாதிரி அறையைக் கட்டிச் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற வேலை நடந்தது. கைப்பிடிகளுக்கும் கீல்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். வேலையாட்களில் பலர் சீடர்கள். கொத்துவேலையை அங்கேயே கற்றவர்கள். உலகப்போர் வேறு குறுக்கிட, கட்டடம் வருடக்கணக்கில் இழுத்தது. எந்த ஒப்பந்தக்காரரும் கணக்குப் பார்த்துவிட்டு ஓடியிருப்பார்!

குறையில்லாமலும் இல்லை. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. இன்று கட்டுபவர் அதைத் தொடக்கூடாது. இன்னொன்றும் உண்டு: வெயிலையும் மழையையும் பார்த்து அவற்றை யாராவது திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். "இதற்கெல்லாம் யார் மெனக்கெடுவார்?" என்று அடுக்குமாடி கட்டுபவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆசிரமவாசிகளுக்கு இருப்பிடத்தைப் பேணுவதும் ஆன்மிக சாதனையில் சேர்த்தி. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வருகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.