பழைய ஜீப்புக்கு எந்த ஆயில்?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் பல இன்னும் பழைய டீசல் இன்ஜினோடுதான் ஓடுகின்றன. இப்படி ஒரு வண்டிக்கு ஆயில் வாங்கப் போனால் இரண்டு யோசனைகள் இலவசமாகக் கிடைக்கும். வயதான இன்ஜின், அதனால் கெட்டி ஆயிலாக ஊற்று என்பார் ஒருவர். விலையைப் பார்க்காமல் சிந்தெடிக் ஊற்று என்பார் இன்னொருவர். என் கணிப்பில் இரண்டுமே தேவையில்லை. டீசல் வண்டிகளுக்கான சாதாரண 15டபிள்யூ-40 ஆயிலே இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது அதை எப்போது வடித்து மாற்றுகிறோம் என்பதுதான்.

டின்னில் உள்ள எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகூட பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும் என்பதால், 5டபிள்யூவுக்குக் கூடுதல் காசு கொடுத்து நமக்கு ஆகப்போவது அதிகமில்லை. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது. தேய்ந்த பேரிங்கில் இடைவெளி கூடியிருக்கும், அதை 50 நிரப்பும் என்பது கெட்டி ஆயில்காரர்களின் வாதம். 50 ஊற்றியதும் பிரஷர் முள் ஏறுவதையும் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. ஆயில் நகரத் தயங்கினாலும் முள் ஏறும். அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது மேலே உள்ள பாகங்களுக்குக் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தேய்மானம் மிகுதியாக நடப்பதும் அந்தச் சில நொடிகளில்தான். அதற்காக அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது பிரஷர், கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போகிறதென்றால் 20டபிள்யூ-50 ஊற்றுவதில் நியாயம் உண்டு. இன்ஜின் வேலைக்கு அது கொஞ்சம் தவணை வாங்கித் தரும், அவ்வளவே.

வடிக்கும் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது கிலோமீட்டர் கணக்கு. நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி 5,000 கிலோமீட்டரை 100 மணி நேரத்தில் முடித்துவிடும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் மணிக்கு 12 கிலோமீட்டரில் உறுமிக்கொண்டு ஏறும் ஜீப்புக்கு அதே தூரம் 400 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அத்தனை நேரமும் பாரம் அதிகம், எதிர்க்காற்று குறைவு, ஆயில் கடும் சூட்டில் உழைக்கிறது. டிராக்டர்களில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருப்பதும், ஆயில் மாற்றுவதை மணியில் சொல்வதும் இதனால்தான். தோட்டத்து ஜீப் செய்வதும் கிட்டத்தட்ட டிராக்டர் வேலையே. அதற்கும் அப்படி ஒரு மீட்டர் மாட்டிக்கொள்வது வீண் செலவல்ல. மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டதென்று பதற வேண்டாம். கரித்துகள் எங்கும் படியாமல் ஆயில் அதைத் தன்னுள் தாங்கி வைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அந்தத் தாங்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு.

இப்போதைய டீசல் சுத்தமாகிவிட்டதே, பழைய கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் பாதி சரி. 2000-இல் டீசலில் பத்து லட்சத்துக்கு 2,500 பங்கு வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் உச்சவரம்பு 10. ஆயிலில் சேரும் அமிலம் அதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கரித்துகளும், பழைய இன்ஜெக்டர் ஒழுகி ஆயிலில் கலக்கும் டீசலும் குறையவில்லை. சிந்தெடிக்குக்கும் இதே பதில்தான்: அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், கலப்படத்தைத் தடுக்காது. அதற்கு ஆகும் கூடுதல் பணத்தில் சாதாரண ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடலாம். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறி, டீசல் வாடையும் அடித்தால் அன்றே வடிக்க வேண்டும். ஆற்றில் இறங்கியபின் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும் அப்படித்தான்.

தரக்குறியீட்டில் ஏபிஐ சிஐ-4 அல்லது சிகே-4 என்றிருந்தால் போதும். எஃப்ஏ-4 என்றிருப்பது மெல்லிய ஆயில், புதிய இன்ஜின்களுக்கானது, இதற்கு வேண்டாம். கியர் ஆயில் தனிக்கதை. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 கேட்கும் வண்டியிலேயே கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டிருக்கலாம். சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரித்துவிடும் என்பதால், ஒரே டின்னை இரண்டிலும் கவிழ்க்கும் முன் கையேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.